நட்டால் போதுமா? பூங்காவைக் காப்பது யார்?



ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் குழுக்கள் பல தடவை மரக்கன்று நட்டிருக்கின்றன. பேனர் கட்டினோம், போட்டோ எடுத்தோம், டீ, பிஸ்கட் கொடுத்தோம். அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால் குழிதான் இருந்தது, கன்று இல்லை. சிலதை ஆடு கடித்தது, பலது தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. அதே குழியில் மறுபடி கன்று வைத்து, மறுபடி போட்டோ எடுத்ததும் நடந்திருக்கிறது.

ஆகவே, "நம்ம பகுதிப் பூங்காவை நாமே பார்த்துக்கொள்ளலாமா?" என்ற பேச்சு கூட்டத்தில் வந்தபோது ஒரு மூத்த உறுப்பினர் பட்டென்று கேட்டார்: "நடறது ஒரு நாள் வேலைம்மா. அப்புறம் முன்னூத்தி அறுபத்தி நாலு நாள் யாரு பார்க்கிறது?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு சின்னப் பூங்காவையும், அதில் பறவை, பூச்சி, அணில் வந்து வாழும் ஒரு தோட்டத்தையும் தன்னார்வத் தொண்டர்களாக நாம் எப்படிப் பராமரிப்பது என்று பார்ப்போம்.

நமக்கு இது ஏன் தேவை?

மந்தாரக்குப்பத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெய்வேலி நகரியத்துக்குள் போனால் வட்டத்துக்கு வட்டம் மரம், வீதி முழுக்க நிழல். ரோட்டைத் தாண்டி நம்ம பக்கம் வந்தால் கடைத்தெரு, பஸ், லாரி, தூசி. வெயில் காலத்தில் பிள்ளைகள் விளையாட நிழல் தேடி அலைகிறார்கள். வயசானவர்கள் சாயங்காலம் உட்கார ஓர் இடம் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது முதல், சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பங்கள் நம் சுற்று வட்டாரத்தில் நிறைய. அவர்கள் வீட்டோடு சேர்த்துப் புளியமரத்தையும், வேலியோரத்து நொச்சியையும், கிணற்றடிப் பூவரசையும் விட்டு வந்தார்கள். வீட்டுக்கும் நிலத்துக்கும் கணக்குப் போட்டுப் பணம் வரும். வளர்ந்த மரத்தின் நிழலுக்கு யார் என்ன கணக்குப் போடுவது?

அடுத்து வந்தது தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பாட்டன் வைத்த பலா ஒரே ராத்திரியில் போனது. புதுக்கன்று மறுநாளே வைத்துவிடலாம். ஆனால் அது மரமாகி நிழல் கொடுக்கப் பத்து, பதினைந்து வருஷம் ஆகும். அதனால்தான் வைத்த கன்று சாகாமல் பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

செய்து காட்டியவர்கள்

சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றின் கரையில் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான ஓர் இடம் இருந்தது. ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடந்தது. 2006-ல் 'நிழல்' என்ற தன்னார்வ அமைப்பினர் அனுமதி வாங்கி அந்த இடத்தைச் சுத்தம் செய்து, நம் மண்ணுக்குரிய மரங்களாகத் தேர்ந்தெடுத்து நட்டார்கள். இன்று அது கோட்டூர்புரம் மரப்பூங்கா.

அங்கே நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்கள் நட்டுவிட்டுப் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொண்டர்கள் கூடி களை எடுப்பது, தண்ணீர் விடுவது, மூடாக்குப் போடுவது என்று வருஷக் கணக்காகச் செய்தார்கள். ஆபீஸ் போகிறவர்கள், வீட்டுப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்த கூட்டம் அது. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார். அந்த வழக்கம்தான் மரத்தை வளர்த்தது.

இதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் இருக்கிறது. அங்கே வங்காரி மாத்தாய் என்ற அம்மையார் 1977-ல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நாற்றங்கால் போட்டு மரம் வளர்த்தார்கள். அதற்குச் சிறு தொகையும் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நட்ட கன்றுக்குப் பணம் கிடையாது, பிழைத்த கன்றுக்குத்தான் பணம். இப்படிக் கோடிக்கணக்கில் மரம் வளர்ந்தது. 2004-ல் அந்த அம்மையாருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆப்பிரிக்கப் பெண் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை.

நம் தமிழ்நாட்டிலும் படிக்காத ஜனங்கள் பறவைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டு ஜனங்களே பல தலைமுறையாகப் பறவைகளுக்குக் காவல் இருந்தார்கள்.

உயிரினத் தோட்டம் என்றால் என்ன?

சாதாரணப் பூங்காவில் புல்தரை இருக்கும், வெட்டிவிட்ட குரோட்டன்ஸ் இருக்கும், ஊஞ்சல் இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் குருவிக்கு அங்கே சாப்பாடு இல்லை, கூடு கட்ட இடமும் இல்லை. உயிரினத் தோட்டத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: உணவு, தண்ணீர், ஒதுங்க இடம். நம் வீட்டுக்கும் இந்த மூன்றும்தானே வேண்டும்?

முழுப் பூங்காவையும் காடாக்க வேண்டியதில்லை. நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. நடைபாதையும் விளையாடும் இடமும். இது எப்போதும் கூட்டிப் பெருக்கி, வெளிச்சமாக இருக்க வேண்டும்.

2. நிழல் மரப் பகுதி. வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், மகிழம், இலுப்பை, சரக்கொன்றை நம் மண்ணுக்கு ஏற்றவை. ஊர்ப் பெயரில் மந்தாரை இருக்கும்போது ஒரு மந்தாரையாவது வைக்காமல் விடலாமா? ஆல், அரசு, அத்திப் பழத்துக்குப் பறவைகள் கூட்டமாக வரும். ஆனால் கட்டடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி வைக்க வேண்டும். தூங்குமூஞ்சி, குல்மொஹர் சீக்கிரம் வளரும், ஆனால் புயல் காற்றில் கிளை ஒடியும். தானேயைப் பார்த்த நாம் இதை யோசித்து வைக்க வேண்டும்.

3. பூச்செடிப் பாத்தி. துளசி, தும்பை, செம்பருத்தி, இட்லிப்பூ போதும். தேனீயும் தேன்சிட்டும் தேடி வரும். தேனீ வந்தால் நமக்கு என்ன லாபம்? பூசணி, சுரை, பீர்க்கனில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ போன்ற பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு போனால்தான் பிஞ்சு நிற்கும். "பூ நிறையப் பூக்குது, காயே பிடிக்கல" என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. தொடாத மூலை. பூங்காவின் ஓர் ஓரத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். உதிர்ந்த சருகு, விழுந்த கட்டை, நொச்சி, எருக்கு, ஆமணக்கு எல்லாம் அங்கே கிடக்கட்டும். ஓணான், தவளை, வண்டு, தவிட்டுக்குருவி எல்லாவற்றுக்கும் அதுதான் வீடு.

புழுவைக் கொன்றால் பட்டாம்பூச்சி ஏது?

பட்டாம்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். ஆனால் எந்தச் செடியிலும் முட்டை போடாது. அதன் புழு சாப்பிடும் செடி எதுவோ அதைத் தேடிப் போய்த்தான் போடும். எருக்கில் ஒரு வகை, ஆமணக்கில் ஒரு வகை, ஆடுதீண்டாப்பாளையில் ஒரு வகை, கொன்றையில் ஒரு வகை என்று உண்டு. நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் குருவி எச்சம் மாதிரி ஒரு சின்னப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதுவே பெரிதானதும் பச்சையாகும். பிறகு கூட்டுப்புழுவாகி, கடைசியில் பெரிய பட்டாம்பூச்சியாகப் பறக்கும். "ஐயோ புழு!" என்று மருந்து அடித்தால் பட்டாம்பூச்சியும் இல்லை, அந்தப் புழுவைக் குஞ்சுக்கு ஊட்டும் தையல்சிட்டும் இல்லை.

ஆகவே, பூங்காவில் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானம் போட்டுக்கொள்வது நல்லது. களையைக் கையால் எடுக்கலாம். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மட்டும் முளைத்ததும் வேரோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் அவை இடத்தையே பிடித்துக்கொள்ளும்.

காய்ந்த கிளை எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டாம். "டொக், டொக்" என்று சத்தம் கொடுக்கும் குக்குறுவான் அதில்தான் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும். ஆனால் பாதைக்கும் ஊஞ்சலுக்கும் மேலே நிற்கும் காய்ந்த கிளையை ஐப்பசி மழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மனுஷ உயிருக்குப் பிறகுதான் மற்றது.

"பாம்பு வந்தா என்ன பண்றது?"

கூட்டத்தில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. நியாயமான பயம்தான். பிள்ளைகள் நடமாடும் இடம்.

பாம்பு வருவதற்கு முக்கியக் காரணம் எலி. எலி வருவதற்குக் காரணம் சோற்றுக் குப்பை. பூங்காவில் சாப்பாட்டு மிச்சத்தைக் கொட்ட விடாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பயம் தீர்ந்தது. தொடாத மூலையைப் பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி அமைத்து, நடுவில் ஒரு சின்ன வேலி கட்டிவிட வேண்டும். சருகுக் குவியலில் வெறும் கையை விடக் கூடாது, குச்சியால் கிளறிவிட்டுத்தான் தொட வேண்டும். இருட்டியபின் டார்ச் இல்லாமல் போகக் கூடாது.

பாம்பு தென்பட்டால் அடிக்கப் போக வேண்டாம். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறைய. விலகி நின்று, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கத்தியால் கீற வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்கவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், 108-க்குப் போன் செய்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

குருவிக்கு வைக்கும் தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. அகலமான மண்சட்டி போதும். ஆனால் இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். குருவிக்குப் புண்ணியம் தேடப் போய் ஊருக்கு டெங்கு வாங்கித் தரக் கூடாது.

எப்போது நடுவது, எப்படிக் காப்பது?

நம் மாவட்டத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். முதல் நல்ல மழை விழுந்ததும் நட்டால் தை வரை மண்ணில் ஈரம் இருக்கும், வேர் பிடித்துக்கொள்ளும். இரண்டடி ஆழம், இரண்டடி அகலத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுஉரம் கலந்து நிரப்புங்கள். கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போட்டால் ஈரம் சீக்கிரம் காயாது. சருகைக் கொளுத்துவதை நிறுத்தினாலே மூடாக்குக்குப் பஞ்சம் இல்லை. ஆடு, மாட்டுக்கு முள் வேலி அவசியம்.

மாசி முதல் வைகாசி வரைதான் சோதனைக் காலம். முதல் கோடையில் எல்லாரும் ஆர்வமாகத் தண்ணீர் ஊற்றுவோம். இரண்டாவது கோடையில் "அதான் வளர்ந்துடுச்சே" என்று விட்டுவிடுவோம். பல கன்றுகள் அந்த இரண்டாவது கோடையில்தான் சாகின்றன. ஆகவே குறைந்தது இரண்டு கோடைக்குப் பொறுப்பு எடுக்க முடியும் என்றால் மட்டும் நடுங்கள். முடியாது என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நூறு நட்டுப் பத்து பிழைப்பதைவிட இருபது நட்டு இருபதும் பிழைப்பது மேல்.

முறை போட்டால் பாரம் இல்லை

இப்போது அந்த மூத்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு வருவோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குழுவில் 16 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரண்டு பேராகப் பிரித்தால் 8 ஜோடி. வாரத்துக்கு 2 நாள் தண்ணீர் விட்டால் நான்கு வாரத்துக்கு 8 நாள். ஆக, ஒரு ஜோடிக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் முறை வரும். 30 கன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் 300 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 20 குடம், ஆளுக்குப் பத்து. பூங்காவிலேயே குழாய் இருந்தால் ஒரு மணி நேர வேலை. குருவிச் சட்டியை மட்டும் பூங்காவுக்குப் பக்கத்து வீட்டு உறுப்பினர் பொறுப்பில் விட்டுவிடலாம்.

ஒரு ஆள் தலையில் போட்டால் இது பெரும் பாரம். பதினாறு பேர் தலையில் போட்டால் மாதத்தில் ஒரு காலைப் பொழுது. நாம் சேமிப்பு ஆரம்பித்ததும் இப்படித்தானே? தனியாக யாராலும் சேர்க்க முடியாத பணத்தைக் கூட்டாகச் சேர்த்தோம். கூட்டம், முறை, நோட்டு இந்த மூன்றும்தான் நம்மைக் காப்பாற்றின. பூங்காவுக்கும் அதேதான்.

ஒரு நோட்டு போடுங்கள். முறை யாருடையது, வந்தார்களா, எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வாசிப்பது போல இதையும் வாசியுங்கள். நட்டது எத்தனை என்பதைவிடப் பிழைத்தது எத்தனை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் இன்னொரு நோட்டைக் கொடுத்து, வந்த பறவை, பட்டாம்பூச்சியைக் குறிக்கச் சொல்லலாம். "இன்னிக்கு மீன்கொத்தி வந்துச்சு" என்று எழுதிய பிள்ளை உண்டிவில்லை எடுக்காது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

"சும்மா உழைக்கணுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டில் சம்பளம் இல்லாத வேலை ஏற்கெனவே நம் தலையில்தான் இருக்கிறது. ஊர் வேலையும் அப்படியே ஆகிவிடக் கூடாது. ஆகவே எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்வோம்.

குப்பை அள்ளுவது, விளக்குப் போடுவது, உடைந்த சுவர், ஊஞ்சல் சரிசெய்வது, குழாயில் தண்ணீர் வரச் செய்வது இடத்துக்குச் சொந்தக்காரரின் பொறுப்பு. அது கெங்கைகொண்டான் பேரூராட்சியாக இருக்கலாம், ஊராட்சியாக இருக்கலாம், நிறுவனமாக இருக்கலாம். தூய்மைப் பணியாளர் செய்யும் வேலையை நாம் இலவசமாகச் செய்து அவர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. செடி பார்ப்பது, கணக்கெடுப்பது, குறையைத் தெரிவிப்பது நம் வேலை.

வேலையைத் தொடங்கும் முன் குழுவில் தீர்மானம் போட்டு, நகலோடு மனு எழுதி, எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். மனுவுக்கு ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள். யார் எதைச் செய்வது என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப் பேச்சாக இருந்தால், நாளைக்கு அந்த இடத்தில் வேறு ஏதாவது கட்ட வந்தால் நாம் வளர்த்த மரத்துக்குப் பேச நமக்கு ஒரு காகிதம் இருக்காது.

வருமானத்துக்கும் வழி இருக்கிறது. நாற்றங்கால் போட்டுக் கன்று விற்கலாம். புங்கன், வேம்பு விதை நம் தெருவிலேயே கிடைக்கும். வேப்பங்கொட்டையை மட்டும் பொறுக்கிய சூட்டோடு விதைத்துவிட வேண்டும், நாள்பட்டால் முளைக்காது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தக் குறிக்கோள் வைத்திருக்கிறது. அதற்குக் கன்று நிறையத் தேவை. குழுக்களுக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று வனத்துறை அலுவலகத்திலும் பேரூராட்சியிலும் மகளிர் திட்ட அலுவலகத்திலும் போய்க் கேளுங்கள். கேட்டால்தானே கிடைக்கும்!

உங்கள் அடுத்த கூட்டத்தில்

மூன்று விஷயத்தை மட்டும் பேசி முடிவெடுங்கள். எந்த இடம்? எத்தனை கன்றை இரண்டு கோடைக்கு நம்மால் காப்பாற்ற முடியும்? முதல் மாத முறை யார் யாருக்கு? இந்த மூன்றுக்கும் விடை எழுதிவிட்டு அதன் பிறகு கடப்பாரையை எடுங்கள். பேனரும் போட்டோவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வைகாசி முடிந்து கன்று தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும்போது, அதன் நிழலில் எல்லாரும் நின்று ஒரு போட்டோ எடுப்போம். அதை இந்த மடலின் முதல் பக்கத்தில் போடுகிறோம்.